1972 ஃபோக்ஸ்வாகன் வேனைத் தாழ்த்த வாங்கிய செட்: ஒரு மதிப்பீடு

பழைய ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனை வீட்டிலேயே சீரமைத்துத் தாழ்த்த, அதாவது அதன் உடலைத் தரைக்கு நெருக்கமாக இறக்க, விரும்புவோருக்காக இங்கிலாந்தில் விற்கப்படும் பாகங்கள் ஏராளம். அவற்றுள் வண்டியின் நடையை உண்மையில் தீர்மானிப்பவை இரண்டே: சக்கரம் அமரும் அச்சு மேலே ஏற்றி அமைக்கப்பட்ட ஸ்பிண்டில்களும், முன்சக்கரங்களைத் தாங்கும் குறுக்கு அமைப்பான, உயரத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் முன் பீமும். இந்த இரண்டையும், பின்பக்கத்துக்கான குதிரைலாடத் தகடுகளையும், குட்டையான ஷாக் அப்சார்பர்களையும் ஒரே செட்டாக விற்கும் நிறுவனம் ஒன்றிடம் வாங்கினேன். தோட்டத்து மூலையில் பல ஆண்டுகள் அசையாமல் நின்ற 1972ஆம் ஆண்டு வேனில் அவற்றைப் பொருத்தி, ஒரு கோடைகாலம் முழுவதும் ஓட்டிப் பார்த்தபின் இதை எழுதுகிறேன். ஸ்பிண்டில்களைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பீம் நன்று, ஆனால் விலைக்கேற்ற கவனம் அதன் தயாரிப்பில் இல்லை. பின்பக்கத் தகடுகள் நெடுநாள் நின்ற வண்டிக்கு மட்டுமே பொருந்தும் ஒரு சமரசம். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, வேனின் அடிப்பாகத் தகரத்தைச் சுரண்டிப் பார்க்காத ஒருவர் இந்தச் செட்டை வாங்குவது வீண்செலவு என்பதே என் முடிவு.

எந்த வேன் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது அவசியம், ஏனெனில் பாகங்கள் வாங்குவதில் நடக்கும் குழப்பங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. முன் கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருக்கும் முதல் தலைமுறை வேன் 1950 முதல் 1967 வரை ஜெர்மனியில் தயாரானது. ஒரே வளைந்த கண்ணாடி கொண்ட இரண்டாம் தலைமுறை 1967 ஆகஸ்டில் தொடங்கி 1979 வரை அங்கே தயாரானது. பிரேசிலில் அதன் வழிவந்த கோம்பி 2013 வரை நீடித்தது. பிரிந்த கண்ணாடி வேனின் பின்சக்கரங்களில் தனிக் குறைப்புப் பல்சக்கரப் பெட்டிகள் இருந்தன. இரண்டாம் தலைமுறையில் அவை நீக்கப்பட்டு, இருமுனையிலும் மூட்டுள்ள டிரைவ் ஷாஃப்டுகள் வந்தன. ஆகவே ஒன்றுக்கான பின்பக்கத் தாழ்த்தும் பாகங்கள் மற்றொன்றுக்குப் பொருந்தா. இரண்டாம் தலைமுறைக்குள்ளேயே 1971 மாடல் முதல் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. வீல் போல்ட்டுகளின் வட்டமும் 205 மில்லிமீட்டரிலிருந்து 112 ஆகச் சுருங்கியது. ஸ்பிண்டில் வாங்கும்போது டிரம் பிரேக்குக்கா, டிஸ்க் பிரேக்குக்கா என்று கேட்டு வாங்காவிட்டால், பெட்டியைப் பிரித்தவுடனே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

இந்த வேனுக்குத் தனியாகக் கழற்றி எடுக்கக்கூடிய சட்டகம் கிடையாது. அடிச்சட்டங்களும் உடலும் ஒன்றாக வெல்டு செய்யப்பட்ட அமைப்பு என்பதால், வெளியே அழகுத் தகரம் போலத் தெரியும் பகுதிகளும் பாரத்தைத் தாங்குகின்றன. கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பகுதி வெளி, நடு, உள் என மூன்று அடுக்குகளைக் கொண்டது. வெளி அடுக்கில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை தெரிந்தால், நடு அடுக்கு பெரும்பாலும் முன்பே போயிருக்கும், ஏனெனில் நீர் தேங்குவது உள்ளேதான். அதை விட்டுவிட்டு வெளித்தகட்டை மட்டும் மாற்றிப் பளபளப்பாகப் பெயின்ட் அடித்து விற்கப்படும் வேன்கள் சந்தையில் நிறைய உண்டு. என் வேனிலும் முந்தைய உரிமையாளர் ஒருவர் ஒட்டின்மேல் ஒட்டாக வைத்திருந்த தகடுகள் வரிசையாக வெளிவந்தன. அவற்றுக்கு அடியில் தார் பூச்சு, அதற்கும் அடியில் காகிதம் போல் மெலிந்த பழைய இரும்பு.

தாழ்த்துவதற்கு முன் நாம் குறிப்பாகப் பார்க்க வேண்டிய இடங்கள், முன் பீம் போல்ட்டுகளால் பிணைக்கப்படும் அடிச்சட்டத்தின் முன்முனைகளும், ஜாக்கி வைக்கும் முனைகளும், அவற்றைச் சட்டத்தோடு இணைக்கும் குறுக்குக் கைகளும் ஆகும். சாதாரண உயரத்தில் சஸ்பென்ஷன் முழுத் தொலைவுக்கு ஏறி இறங்கும். குழியின் அதிர்ச்சியில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். தாழ்த்திய வண்டியில் அந்தத் தொலைவு பெரும்பாலும் குறைவதால், அதன் எல்லையில் உள்ள ரப்பர் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் மோதும் அடி நேராகச் சட்டத்துக்குப் போகிறது. துருப்பிடித்த சட்டத்தில் புதிய பீமைப் பூட்டுவது, கரையான் அரித்த நிலைக்காலில் தேக்குக் கதவு மாட்டுவதற்கு ஒப்பானது. பழைய பீமைக் கழற்றியபின் அது மறைத்துக்கொண்டிருந்த சட்டத்தின் மேற்பரப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கூரான ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் உண்மை நிலை தெரிந்துவிடும்.

சில் பகுதியை வெட்டுவதற்கு முன் கதவு வாயில்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டு செய்து இறுக்கிவிட வேண்டும். பக்கவாட்டில் சறுக்கும் பெரிய கதவு உள்ள இந்த வேனில் அந்த வாயில் சில மில்லிமீட்டர் தளர்ந்தாலும் கதவு பிறகு ஒழுங்காக மூடாது. ஒரே நேரத்தில் இரு பக்கமும் வெட்டாமல், ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போவதே நல்லது. எரிபொருள் தொட்டி எஞ்சினுக்கு முன்னால், கியர்பாக்ஸுக்கு மேலே தடுப்புத் தகட்டின் பின் ஒளிந்திருக்கிறது. எஞ்சினை இறக்கினால்தான் அதையும் அதன் ரப்பர் குழாய்களையும் ஒழுங்காக அணுக முடியும். வெல்டிங்கின் பொறிகள் எங்கே போகும் என்பதை எண்ணிப் பார்த்தால், எஞ்சினை முதலிலேயே இறக்கித் தொட்டியையும் வெளியே எடுத்துவிடுவதற்கு வேறு காரணம் தேவையில்லை. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய ரப்பர் அதைத் தாங்காது. எனவே தொட்டி வெளியே இருக்கும்போதே அத்தனை குழாய்களையும் மாற்றிவிடுவது நல்லது. வெல்டிங் முடிந்தபின் சில், சட்டம் ஆகியவற்றின் மூடிய உள்வெளிகளுக்குள் பில்ட் ஹாம்பர் நிறுவனத்தின் டைனாக்ஸ் எஸ்-50 என்ற துருத் தடுப்பு மெழுகைத் தெளித்தேன். நீண்ட குழல் வழியே சில்லின் மறுமுனைவரை அது போய்ச் சேருகிறது. சூட்டில் வழிந்தோடவும் இல்லை. இந்தச் சீரமைப்பு முழுவதிலும் எந்தக் குறையும் சொல்ல முடியாத பொருள் அது ஒன்றே.

இனி செட்டுக்கு வருகிறேன். இந்த வேனின் முன் பீமில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு குறுக்குக் குழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய எஃகுப் பட்டைகளின் கட்டு ஓடுகிறது. கட்டின் நடுப்பகுதி ஒரு திருகால் அசையாமல் பிடிக்கப்பட்டிருக்க, இரு முனைகளிலும் சக்கரத்தைத் தாங்கும் கைகள் அதை முறுக்குகின்றன. அந்த முறுக்கமே ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. ஸ்பிண்டில் இந்த அமைப்பைத் தொடுவதே இல்லை. சக்கரம் அமரும் அச்சைச் சுமார் இரண்டரை அங்குலம் மேலே தள்ளி வைப்பதன் மூலம், கைகளும், அவற்றை ஸ்பிண்டிலோடு இணைக்கும் பந்து மூட்டுகளான பால் ஜாயிண்டுகளும் தொழிற்சாலை வைத்த கோணத்திலேயே இருக்க, உடல் மட்டும் கீழே வருகிறது. இதனால் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும் தொலைவு குறைவதில்லை. முன்சக்கரங்களைப் பொறுத்தவரை வண்டியின் மென்மையும் குறைவதில்லை. நான் வாங்கிய இணையில் இயந்திரவேலை சுத்தமாக இருந்தது. பேரிங் அமரும் பரப்புகள் சரியான அளவில் இருந்தன. பிரேக் பட்டைகளைப் பிடிக்கும் காலிப்பரின் துளைகளும் இழுக்காமல் பொருந்தின. சக்கரம் ஒவ்வொரு பக்கமும் சற்று வெளியே தள்ளப்படுவது மட்டும் ஒரு குறை. அகலமான ரிம் போட நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பால் ஜாயிண்டுகள் கைகளுக்குள் அழுத்திப் பொருத்தப்பட்டவை என்பதால் அவற்றை மாற்ற ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றுவதைவிட அருகிலுள்ள பட்டறையில் சிறு கூலி கொடுத்துச் செய்வதே மேல்.

பீம் வேறு விதமாக வேலை செய்கிறது. அது பட்டைக் கட்டின் நடுப்பிடியைச் சுழற்றி, கைகளின் ஓய்வு நிலையையே மேலே உயர்த்துகிறது. எவ்வளவு சுழற்றுகிறோமோ அவ்வளவு தூரம் பம்ப் ஸ்டாப் நெருங்கி வரும். பால் ஜாயிண்டுகளும் தம் எல்லையை அணுகும். ஆகவே ஸ்பிண்டிலால் கிடைக்கும் தாழ்வை முதலில் எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் சிறு அளவை மட்டும் பீமால் சரிசெய்வதே இந்தச் செட்டைப் பயன்படுத்த வேண்டிய முறை. விற்பனையாளரின் குறிப்புத்தாள் இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாதது எனக்கு வியப்பளித்தது. பட்டைகளில் சிலவற்றை உருவிவிட்டால் வண்டி தானாகத் தாழும் என்று சிலர் அறிவுரை தருவார்கள். அது ஸ்பிரிங்கைப் பலவீனமாக்கி, பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்தும் வண்டியைத்தான் தரும்.

பீமின் தரத்தைப் பற்றி: குழாய்களின் வெல்டிங் ஆழமாகவும் சீராகவும் இருந்தது. ஊசி பேரிங்குகள் புதியனவாகவே பொருத்தப்பட்டு வந்தன. மலிவு பீம்களில் அவற்றுக்குப் பதிலாக வரும் யுரேத்தேன் புஷ்களைவிட இவை எவ்வளவோ மேல். ஆனால் பவுடர் கோட்டிங் துத்தநாகப் பூச்சு ஏதுமின்றி நேராக இரும்பின்மேல் போடப்பட்டிருந்ததால், போல்ட்டை இறுக்கிய இடங்களில் உடனே உரிந்தது. ஸ்டீயரிங்கின் அதிர்வைத் தணிக்கும் ஸ்டீயரிங் டேம்பர் மாட்டும் பிடிப்பு சில மில்லிமீட்டர் விலகியிருந்ததால் அரம் போட்டுத் துளையை நீட்ட வேண்டியதாயிற்று. குழாயினுள்ளே வெல்டிங் துளிகள் ஒட்டியிருந்தன. அவற்றை அகற்றாமல் பட்டைக் கட்டை உள்ளே தள்ளினால் அது பாதியில் சிக்கிக்கொள்ளும். துகள்கள் கிரீஸோடு கலந்து பேரிங்கையும் கெடுக்கும். இந்த விலைக்கு இவை பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகள் அல்ல. புகார் சொன்னபோது நிறுவனம் மரியாதையாகப் பதில் எழுதியது, பெயின்ட் டப்பா ஒன்றை இலவசமாக அனுப்பியது. டேம்பர் பிடிப்பைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை.

பின்பக்கத்தை முறையாகத் தாழ்த்த வேண்டுமானால், முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுத் தண்டான டார்ஷன் பாரைக் கழற்றி, அதன் பற்களை ஓரிரண்டு தள்ளி மீண்டும் பொருத்த வேண்டும். உள்முனைப் பற்களின் எண்ணிக்கையும் வெளிமுனைப் பற்களின் எண்ணிக்கையும் வேறுவேறாக இருப்பதால், ஒன்றை ஒரு திசையிலும் மற்றொன்றை எதிர்த் திசையிலும் நகர்த்தி மிக நுண்ணிய கோண மாற்றங்களைக்கூடச் செய்ய முடியும், செலவும் கிடையாது. ஆனால் பல குளிர்காலங்கள் ஈரப்புல்லில் நின்ற வேனில் அந்தப் பற்கள் துருவோடு ஒன்றாகிவிட்டிருந்தன. அத்தகைய நிலையில்தான் குதிரைலாடத் தகடுகள் உதவுகின்றன: டார்ஷன் பாரின் வெளிமுனையில் அமரும் ஸ்பிரிங் தகட்டுக்கும், பின்சக்கரத்தைத் தாங்கும் பின்கைக்கும் இடையே அவை போல்ட்டுகளால் பூட்டப்பட்டு, டார்ஷன் பாரைத் தொடாமலேயே பின்பக்கத்தை ஒரு நிலையான அளவுக்கு இறக்கிவிடுகின்றன. அந்த அளவை மாற்ற முடியாது என்பது அவற்றின் பெரிய குறை. டார்ஷன் பார் தாராளமாகக் கழலும் வண்டி வைத்திருப்பவர்கள் இவற்றுக்குப் பணம் செலவிட வேண்டாம். எந்த முறையைத் தேர்ந்தாலும், ஸ்பிரிங் தகட்டில் முறுக்கம் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. ஜாக்கியும் சங்கிலியும் இல்லாமல் அதை விடுவித்தால் எலும்பு முறியும்.

டயர் விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. இந்த வேன் 185ஆர்14 அளவில், சரக்கு வண்டிகளுக்கான வலுவூட்டிய டயர்களோடு வந்தது. தாழ்த்தியபின் வீல் ஆர்ச்சில் உரசாதிருக்கப் பலர் சிறிய கார் டயர்களைப் போடுகிறார்கள். டயரின் பக்கச்சுவரில் உள்ள பாரக் குறியீடு 88 என்றால் அது தாங்குவது 560 கிலோ. 95 என்றால் 690 கிலோ. படுக்கையும் அலமாரியும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றிய கேம்பர் வேனுக்கு முன்னது போதாது. 15 அங்குல ரிம்மில் 195/65 அளவில் 95 குறியீடுள்ள டயரைப் போட்டேன். முன்சக்கரம் முழுவதும் ஒடித்தபோதும் உரசவில்லை.

ஓட்டம் எப்படி என்றால், பக்கக் காற்றில் வண்டி முன்பைவிடக் குறைவாகவே ஆடுகிறது, வளைவுகளில் சாய்வது நன்றாகக் குறைந்திருக்கிறது. முன்பக்கத்தைப் பின்பக்கத்தைவிட மிகுதியாகத் தாழ்த்தினால் முன்சக்கரத்தின் திருப்ப அச்சு பின்னோக்கிச் சாயும் காஸ்டர் கோணம் குறைந்து நெடுஞ்சாலையில் வண்டி அலையத் தொடங்கும். ஆகவே அடிவிளிம்பு தரைக்கு இணையாக இருக்கும்படி வைத்திருக்கிறேன். தாழ்த்தியதும் சக்கர அலைன்மென்ட் கட்டாயம் பார்க்கப்பட வேண்டும். பின்சக்கரங்கள் உட்பக்கம் சாய்வதால் டயரின் உள்விளிம்பு விரைவில் தேயும். இங்கிலாந்தில் வேகத்தடைகள் 100 மில்லிமீட்டர் உயரம்வரை போடப்படலாம் என்பதால், ஒவ்வொன்றையும் ஊர்ந்து கடக்க வேண்டியிருக்கிறது. இதைத் தொந்தரவாக நினைப்பவர்கள் ஸ்பிண்டிலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நாற்பது ஆண்டுகளைக் கடந்த, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு 2018 மே மாதம் முதல் இங்கே ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. இருந்தும் வெல்டிங் செய்த வண்டியை ஒரு சோதனையாளரின் கண்ணுக்குக் காட்டாமல் சாலையில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொண்டேன். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாழ்த்திய விவரத்தை எழுத்தில் தெரிவிப்பதும் அவசியம்.

முழுச் செட்டின் விலை ஆயிரம் பவுண்டை நெருங்கியது. இப்போது வாங்குவதாக இருந்தால் ஸ்பிண்டில்களையும் ஷாக் அப்சார்பர்களையும் மட்டும் இதே நிறுவனத்திடம் வாங்குவேன்; அடுத்த பத்து ஆண்டுகளுக்கு ஈரம் தாங்க வேண்டிய பீமை, பூச்சுக்கு முன் துத்தநாகம் பூசித் தரும் வேறொருவரிடம் கேட்பேன். செட்டாகவே வாங்குவோர், பெட்டியைப் பிரித்தவுடன் குழாய்களுக்குள் விளக்கு அடித்துப் பார்த்து, டேம்பர் பிடிப்பை வண்டியோடு வைத்து அளந்தபின்னரே பட்டைக் கட்டுகளை உள்ளே தள்ள வேண்டும். கிரீஸ் பட்ட பீமை அந்த நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொள்வதில்லை.