திருவல்லிக்கேணியில் ஒரு லாஃப்ட் வீடு விற்பனைக்கு: நேரில் போய்ப் பார்த்தேன்

"புதுப்பிக்கப்பட்ட லாஃப்ட் அபார்ட்மெண்ட்" என்று விளம்பரத்தில் இருந்ததை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "எந்த வீட்டுலடா லாஃப்ட் இல்ல? பித்தளை அண்டாவை எல்லாம் பின்ன எங்க வைக்கிறதாம்?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் இந்த வீட்டில் பரண்மேல் இருப்பது அண்டா இல்லை, படுக்கையறை.

பாரதி சாலைக்குப் பின்னால் ஒரு சந்து (எங்கள் வீட்டில் இன்னும் பைகிராஃப்ட்ஸ் ரோடுதான்). கீழே ஒரு காலத்தில் அச்சகம், மாடி பேப்பர் பண்டல் அடுக்கிய குடோனாம். அதனால் கூரை 13 அடி உயரம். அசல் மெட்ராஸ் டெரஸ்: வரிசையாகத் தேக்கு உத்தரம், அதன்மேல் செங்கல்லைக் குறுக்குவாட்டில் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்பு போட்ட வேலை. ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடாமல் உத்தரத்தைத் தேய்த்து எண்ணெய் பூசி விட்டிருக்கிறார்கள், சிவப்பு ஆக்சைடு தரையையும் பெயர்க்கவில்லை. அந்த ரசனைக்கு ஒரு கும்பிடு.

லாஃப்டுக்கு 11 இரும்புப் படி, ஒரு பக்கம் கைப்பிடியே கிடையாது. கீழே 7 அடி விட்டது போக மேலே ஐந்தரை அடி சொச்சம்தான் மிச்சம். என் உயரம் 5 அடி 8 அங்குலம். உத்தரம் என் நெற்றியில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. போனது மே மாதம், மதியம் இரண்டு மணி. கீழே ஏசி ஓடுகிறது, சூடெல்லாம் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

அப்புறம் அந்த மேற்குச் சுவர். புதுப் பெயிண்ட் பளபளக்கிறது, ஆனால் புத்தக அலமாரிக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசிப் புட்டியும் அடித்தால் இப்படித்தான், உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் தோலை உரிக்கும். "அது ஒண்ணுமில்ல சார், ஒரு கோட்டிங் அடிச்சா போயிடும்" என்றார் புரோக்கர். ஒரு மழைக்கு வேண்டுமானால் போகும்.

கேட்கிற விலை 95 லட்சம், 800 சதுர அடி என்கிறார்கள். பத்திரத்தை வாங்கிப் பார்த்தால் 620தான்! மிச்சம் 180 லாஃப்ட், அங்கீகார வரைபடத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. அதாவது சதுர அடி 11,875 இல்லை, 15,300க்கு மேல். இதன்மேல் 7 சதவீத முத்திரைத்தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம் என்று இன்னொரு எட்டரை லட்சம் வேறு. யூடிஎஸ், அதாவது நிலத்தில் நமக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, 310 சதுர அடி, அது நல்ல கணக்கு, உண்மையில் காசு கொடுப்பதே அந்த நிலத்துக்குத்தான். ஆனால் மொட்டைமாடி யாருக்கு, ஒழுகினால் யார் செலவு செய்வது என்று பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லை. தலைக்கு மேலே மெட்ராஸ் டெரஸை வைத்துக்கொண்டு இதைக் கேட்காமல் வாங்குவது பைத்தியக்காரத்தனம்.

ஏரியா பற்றிக் குறை சொல்ல மனசு வராது. மெரினா நடக்கிற தூரம், பார்த்தசாரதி கோயில் ஒரு பக்கம், வாலாஜா பள்ளிவாசல் ஒரு பக்கம், நோன்பு மாதத்தில் மாலையானால் கஞ்சி வாசனை, பிளாட்பாரத்தில் பழைய புத்தகக் கடைகள். சேப்பாக்கத்தில் மேட்ச் இருந்தால் மட்டும் அன்று ராத்திரி பைக்கைச் சந்துக்குள் கொண்டுவருவது கஷ்டம். கார் வைத்திருப்பவர்கள் இந்த வீட்டை மறந்துவிடலாம்.

பார்த்துவிட்டு நேரே ரத்னா கஃபே போய், சாம்பாரில் மிதக்கிற இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் போட்டேன். சுவரை உரித்துத் திரும்பச் சுண்ணாம்பு பூச வேண்டும், படிக்குக் கைப்பிடி வைக்க வேண்டும். மொட்டைமாடி விஷயத்தை எழுதிக் கொடுத்தால் 75 என்று போனில் சொன்னேன். "சார், இது திருவல்லிக்கேணி சார்" என்றார் புரோக்கர். அதற்கப்புறம் அழைக்கவில்லை.