லண்டன் 'தி லேம்ப்' பப்: எப்போது போவது, எங்கே நிற்பது, எதைக் கேட்பது

புளூம்ஸ்பரியில் லேம்ப்ஸ் காண்டுயிட் ஸ்ட்ரீட், 94ஆம் எண். முகப்பில் பச்சை ஓடு பதித்த சின்னக் கட்டடம். 1720களில் தொடங்கிய பப் இது. இன்று உள்ளே பார்க்கும் மரவேலையும் கண்ணாடியும் விக்டோரியா காலத்தில் சேர்ந்தவை. கட்டடம் கிரேட் டூ பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால் நினைத்தபடி இடித்து மாற்ற முடியாது. தெருவின் பெயர் வில்லியம் லேம்ப் என்பவரிடமிருந்து வந்தது. 1577இல் இந்தப் பக்கத்து நீர்க்கால்வாயைத் தன் செலவில் சீர்செய்து ஹோல்பர்ன் மக்களுக்குத் தண்ணீர் கிடைக்கச் செய்தவர் அவர்.

லண்டனில் இதைவிடப் பெரிய, பெயர்பெற்ற பப்கள் நிறைய உண்டு. ஆனாலும் திரும்பத் திரும்பப் போகத் தோன்றுவது இங்கேதான். காரணம் பார் கவுன்டருக்கு மேலே கண் உயரத்தில் வரிசையாக நிற்கும் சின்னக் கண்ணாடிக் கதவுகள். 'ஸ்னாப் (snob) ஸ்க்ரீன்' என்பார்கள். ஒவ்வொன்றும் பூவேலை செதுக்கிய பனிக்கண்ணாடி. மரச்சட்டத்துக்குள் நட்ட அச்சில் சுழலும். மூடியிருந்தால் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவருக்கு வாடிக்கையாளரின் முகம் தெரியாது. கிளாஸும் கையும் மட்டும் தெரியும். வசதியுள்ளவர்கள் தாங்கள் குடிப்பதைப் பணியாளர்களும் எதிர்ப்பக்கத்து ஏழைகளும் பார்க்கக் கூடாது என்று நினைத்த காலத்து ஏற்பாடு. இப்படி இருந்த இடத்திலேயே நிலைத்தவை லண்டனில் மிகச் சில. ஒரு விரலால் மெல்லத் தள்ளினாலே திரும்பும். வேகமாகச் சுழற்றிப் பார்க்காதீர்கள். நூறாண்டு தாண்டிய கண்ணாடி, உடைந்தால் அதே வேலைப்பாட்டில் இன்னொன்று கிடைப்பது அரிது. ஆர்டர் சொல்ல வேண்டுமானால் நேர் எதிரே உள்ள கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றால் போதும், பணியாளர் பார்த்துவிடுவார்.

அந்தக் காலத்தில் அறைக்குள் தடுப்புகளும் இருந்தன. இங்கே அவை போய்விட்டன. தடுப்புகளோடு பார்க்க ஆசைப்பட்டால், பத்துப் பன்னிரண்டு நிமிட நடையில் ஹை ஹோல்பர்னில் 'பிரின்சஸ் லூயிஸ்' இருக்கிறது. அதன் மரத் தடுப்புகளை 2007-08இல் பழையபடி அமைத்தார்கள். அழகில் அதுவே ஒரு படி மேல். உட்கார்ந்து பேச லேம்ப் நல்லது.

போகும் நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அலுவலகம் விட்ட பிறகு, ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை, அதிலும் வியாழன் வெள்ளியில், கூட்டம் நடைபாதைவரை வந்துவிடும். உள்ளே எல்லாம் மரமும் கண்ணாடியும் என்பதால் சத்தம் எதிரொலித்து, பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. திங்கள் முதல் புதன்வரை மாலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் போனால் சுவரோரத்துப் பச்சை இருக்கை கிடைக்கும். சுவரில் மாட்டியிருக்கும் பழைய மியூசிக் ஹால் (பாட்டும் நகைச்சுவையும் நடந்த மேடை அரங்கு) கலைஞர்களின் படங்களையும் நிதானமாகப் பார்க்கலாம். கிராமபோனுக்கு முந்தைய பாலிஃபோன் பெட்டி ஒன்றும் இருக்கிறது. துளையிட்ட பெரிய உலோகத் தட்டு சுழன்று இசைக்கும் வகை. ஞாயிறு மதிய ரோஸ்ட்டுக்கு (வாட்டிய இறைச்சிச் சாப்பாடு) முன்பதிவு இல்லாமல் போவது வீண்.

ரஸ்ஸல் ஸ்கொயர் நிலையத்தில் இறங்கி நடந்தால் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடலாம். நிலையத்தில் லிஃப்டுக்குக் காத்திருங்கள். சுழல்படி நூற்றெழுபதுக்கும் மேல், ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

அடுத்தது பியர். இங்கே வந்து பாட்டில் லாகர் (குளிரவைத்துக் குடிக்கும் வெளிர் பியர்) கேட்பது, சுடச்சுட வடை போடும் கடையில் பாக்கெட் பிஸ்கட் கேட்பதுபோல. நீளமான கைப்பிடி கொண்ட ஹேண்ட் பம்ப்பிலிருந்து வருவதுதான் காஸ்க் ஏல். பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு இருந்து நொதித்தல் முடியும். வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை. அதனால் நுரைப்பு மென்மையாக இருக்கும். இதை 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் கொடுப்பதே முறை. ஐஸ்போல இல்லையே என்று திருப்பிக் கொடுப்பது தவறு. அதற்குமேல் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். நாக்கு பழகாதவர்கள் ஆல்கஹால் 4 சதவீதத்துக்குக் கீழே உள்ள பிட்டரில் (லேசான கசப்புள்ள ஏல்) தொடங்கலாம். லேம்ப் யங்ஸ் நிறுவனத்தின் பப். லண்டன் வாண்ட்ஸ்வொர்த்தில் இருந்த அவர்களுடைய பியர் ஆலை 2006இல் மூடப்பட்ட பிறகும் யங்ஸ் பெயரில் பியர் தொடர்கிறது.

காஸ்க் ஏல் கெடுவது எப்படி என்று தெரிந்தால் நல்ல கிளாஸைத் தேர்ந்தெடுப்பது சுலபம். வழக்கமான சிறு பீப்பாய் 9 கேலன், அதாவது 72 பைன்ட். திறந்து ஊற்ற ஊற்ற உள்ளே காற்று புகும். மூன்று நாளுக்குள் விற்று முடியாவிட்டால் புளித்துக் காடி வாடை வந்துவிடும். ஆகவே, எந்தக் கைப்பிடியைப் பணியாளர் அடிக்கடி இழுக்கிறார் என்று இரண்டு நிமிடம் கவனித்து அதையே கேளுங்கள். கைப்பிடியில் உள்ள பியரின் பெயர்த் தகட்டைப் பின்பக்கமாகத் திருப்பிவைத்திருந்தால் அந்தப் பீப்பாய் தீர்ந்துவிட்டது என்று பொருள். கடை திறந்தவுடன் முதல் ஆளாகப் போனால், இரவு முழுக்கக் குழாயில் தேங்கிய பியர் வரக்கூடும். நல்ல இடங்களில் அதை முதலில் இழுத்துக் கொட்டிவிடுவார்கள். சந்தேகமாக இருந்தால் ருசி பார்க்க ஒரு வாய் கேட்கலாம், தயங்காமல் கொடுப்பார்கள். புளிப்போ ஈர அட்டை வாடையோ வந்தால் ஒன்றிரண்டு வாயோடு நிறுத்திக் கவுன்டருக்கே கொண்டுபோய்ச் சொல்லுங்கள். பாதி குடித்துவிட்டுப் போனால் மரியாதையாக இருக்காது.

பைன்ட் 568 மில்லி, அரை பைன்ட் 284. நுரை அதிகமாகி அளவு குறைந்தால் 'டாப் அப்' கேட்பதில் தவறில்லை. லண்டன் பழக்கத்தில் ஏலுக்குத் தடித்த நுரை கிடையாது. அது வட இங்கிலாந்து வழக்கம்.

சைவம் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல காஸ்க் ஏல்களைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் சேர்க்கிறார்கள். தேவையென்றால் 'வீகனா' என்று கேட்டுவிடுங்கள். சிப்ஸ் மீன் பொரித்த எண்ணெயில் வந்ததா என்றும் கேட்கலாம். குடிக்காதவர் லைம் சோடா வாங்கிக்கொண்டு மாலை முழுவதும் உட்காரலாம், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள்.

பானத்துக்கு மேசைக்கு ஆள் வரும் என்று காத்திருக்காதீர்கள். கவுன்டருக்குப் போய் வாங்க வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உண்டு. உங்களுக்கு முன்னே வந்தவர் யார் என்று மனதில் வைத்துக்கொண்டு, முறை மாறிப் பணியாளர் கேட்டால் அவரைக் காட்டிவிடுங்கள். கையையோ நோட்டையோ ஆட்டிக் கூப்பிடுவது அநாகரிகம். கவுன்டரில் டிப்ஸ் தேவையில்லை. சாப்பாட்டு பில்லில் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நாலைந்து பேர் சேர்ந்து போனால் ஆளுக்கொரு சுற்று வாங்கும் வழக்கம். அத்தனை குடிக்க முடியாதவர் ஆரம்பத்திலேயே விலகிக்கொள்ளலாம், அல்லது அரை பைன்ட் கேட்கலாம். மற்றவர்கள் வாங்கித்தர குடித்துவிட்டுத் தன் முறை வரும்போது கிளம்புவதைத்தான் மன்னிக்க மாட்டார்கள்.

இளமையாகத் தெரிபவர்களிடம் வயதுச் சான்று கேட்பார்கள். போனில் உள்ள பாஸ்போர்ட் படத்தை ஏற்காத இடங்களே அதிகம், அசலையே கொண்டுபோங்கள்.

மூடும் நேரம் நெருங்கினால் மணி அடிக்கும். முதல் மணி கடைசி ஆர்டருக்கு. அதற்குப் பிறகு வாங்க முடியாது. இரண்டாம் மணி அடித்தபின் கையில் இருப்பதைக் குடித்து முடிக்கச் சுமார் இருபது நிமிடம் விடுவார்கள். கிளம்பும்போது காலி கிளாஸைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போங்கள்.