பின்னத்தைத் தசமமாக்க மூன்று வழிகள்: எதை எப்போது எடுப்பது?

7/16-ஐத் தசமமாக எழுதச் சொன்னால் பெரும்பாலான மாணவர்கள் உடனே 7-ஐ 16-ஆல் வகுக்க ஆரம்பித்துவிடுவார்கள். விடை வந்துவிடும், ஆனால் நேரம் பிடிக்கும். வேறு இரண்டு வழிகளும் இருக்கின்றன. பகுதியில், அதாவது பின்னத்தில் கோட்டுக்குக் கீழே, என்ன எண் இருக்கிறது என்று பார்த்த பிறகே வழியை முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

முதல் வழி, பகுதியை 10, 100, 1000 என்று மாற்றுவது. 13/40-இல் மேலும் கீழும் 25-ஆல் பெருக்கினால் 325/1000. அதாவது 0.325, ஒரே வரியில் முடிந்தது. பிழை வர இடமே இல்லை. தசமம் என்பதே பகுதி பத்தின் அடுக்காக இருக்கும் பின்னம்தான் என்பதும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். பள்ளியில் முதலில் இதைத்தான் சொல்லித்தர வேண்டும். குறை என்னவென்றால், பகுதியின் பகாக் காரணிகள் 2, 5 மட்டுமாக இருந்தால்தான் இது நடக்கும். 3, 7, 11 என்று ஒன்று உள்ளே வந்துவிட்டால் எதால் பெருக்கினாலும் பத்தின் அடுக்கு கிடைக்காது. அதற்காக 21/28-ஐப் பார்த்ததும் கைவிட்டுவிடக் கூடாது. சுருக்கினால் அது 3/4, அதாவது 0.75. எப்போதும் சுருக்கிய பிறகே பகுதியைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நீள் வகுத்தல். எந்தப் பின்னத்துக்கும் இது செல்லும், அதுதான் இதன் பலம். 5/7-ஐ வகுத்தால் 0.714285714285… என்று ஓடும். 7-ஆல் வகுக்கும்போது பூச்சியம் போக மீதி 1 முதல் 6 வரைதான் இருக்க முடியும். ஆகவே ஆறு படிகளுக்குள் பழைய மீதி திரும்ப வந்தே ஆக வேண்டும், அங்கிருந்து இலக்கங்களும் சுழல ஆரம்பிக்கும். இவ்வளவு அழகான காரணத்தைக் கால்குலேட்டர் காட்டாது. 1/17-இன் சுழற்சி 16 இலக்கம் நீளம், பத்து இலக்கம் காட்டும் திரையில் அது சுழல்கிறது என்பதே தெரியாது. வகுத்தலில் கவனிக்க வேண்டியது பூச்சியம். 1/16-இல் 10-க்குள் 16 போகாது என்பதற்கு ஒரு பூச்சியம் போட வேண்டும். அதை விட்டால் 0.0625 என்பது 0.625 ஆகிவிடும், பத்து மடங்கு பிழை.

மூன்றாவது, தெரிந்த சில மதிப்புகளை மனத்தில் வைத்துக்கொண்டு கூட்டுவது, பெருக்குவது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தமிழில் இதற்கான ஏணி ஏற்கெனவே இருக்கிறது. அரை 0.5, கால் 0.25, அரைக்கால் 0.125, வீசம் 0.0625. ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. இன்னொரு கிளையில் ஒரு மா 1/20, அதாவது 0.05, காணி 1/80, அதாவது 0.0125, முந்திரி 1/320, அதாவது 0.003125. 320-ஐப் பிரித்தால் ஆறு 2-களும் ஒரு 5-உம்தான். அதனால் எண்சுவடி என்ற பழைய வாய்பாட்டு நூலில் நம் முன்னோர் மனப்பாடம் செய்த இந்தப் பின்னங்கள் எல்லாமே முடிவுறு தசமங்கள், அதாவது சுழலாமல் ஓரிடத்தில் நின்றுவிடுபவை. மூன்றில் ஒன்றுக்கு இந்த வரிசையில் இடமில்லை.

இப்போது 7/16-க்கு வருவோம். அரையிலிருந்து ஒரு வீசத்தைக் கழித்தால் 0.4375. பேப்பரே தேவையில்லை. 1957 ஏப்ரல் 1-க்கு முன் ரூபாய்க்கு 16 அணா. அன்று புதுக் காசுக்கு மாறியபோது ஏழு அணாவின் மதிப்பு 43.75 காசு, இதே கணக்குதான். கட்டட வேலையில் அங்குலத்துக்கு எட்டு நூல் என்பார்கள். மூன்று நூல் என்றால் 3 × 0.125, அதாவது 0.375 அங்குலம், 25.4-ஆல் பெருக்கினால் 9.525 மில்லிமீட்டர். கடையில் அதற்குப் பதிலாக 10 எம்எம் கம்பியைத் தருவது இதனால்தான். சுழல் தசமங்களுக்கும் இந்த வழி ஓரளவு உதவும். 5/12 என்பது 1/4-உம் 1/6-உம் சேர்ந்தது, 0.25-உடன் 0.1666…-ஐக் கூட்டினால் 0.41666… ஆகிவிடும். பகுதி 13, 17 என்று போனால் மட்டும் மறுபடி வகுத்தல்தான்.

திரும்பி வரும் பயணத்தில், அதாவது தசமத்திலிருந்து பின்னத்துக்கு, போட்டி இரண்டு வழிகளுக்குள்தான். முடிவுறு தசமம் என்றால் இடமதிப்பைப் பார்த்து எழுதிச் சுருக்குங்கள். 0.375 என்றால் 375/1000, அதை 125-ஆல் சுருக்கினால் 3/8. மூன்று அரைக்கால் என்று கண்ணில் பட்டுவிட்டால் அதுவும் வேண்டாம். சுழல் தசமத்துக்கு இந்த வழி செல்லாது. 0.666…-ஐ 0.67 என்று வெட்டி 67/100 என எழுதினால் அது 2/3 ஆகாது. 0.2727…-ஐ x என்று வைத்துக்கொண்டு 100x-இலிருந்து x-ஐக் கழித்தால் 99x = 27. அப்புறம் சுருக்கினால் 3/11. புள்ளிக்கு அடுத்து சுழலாத இலக்கம் இருந்தால் முதலில் அதைத் தாண்டிவிட வேண்டும். 0.1666… என்றால் 100x-இலிருந்து 10x-ஐக் கழியுங்கள்: 90x = 15, ஆக 1/6.