ஊர்க் கோயில்: கமிட்டியிடமா, அறநிலையத் துறையிடமா?

மதுரை மாவட்டத்தில் மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கோயில் கணக்கில் தகராறு வந்தால், "அறநிலையத் துறையிடமே விட்டுவிடலாம்" என்ற பேச்சு எழும். அதற்கு முன் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணக்கு
கமிட்டி: தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூல்), திருவிழா முடிந்ததும் மந்தையில் கணக்கு வாசிப்பு. நோட்டு ஒருவர் வீட்டிலேயே தங்கிவிட்டால் வம்பு.
துறை: முறையான தணிக்கை உண்டு.

நிலம்
கமிட்டி: பொறுப்பில் இருப்பவரின் நேர்மைதான் காவல்.
துறை: 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, ஆணையர் அனுமதியின்றி விற்கவோ 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது.

வழிபாடு
கமிட்டி: பெட்டி எடுப்பு (சாமி பெட்டியைச் சுமந்து வருவது), சாமியாட்டம், கிடாவெட்டு எல்லாம் பங்காளிகள் கூடி முடிவு செய்வது.
துறை: நிர்வாகம்தான் அதன் வேலை. சடங்கை வெளியார் தீர்மானிக்கக் கூடாது என்று 1954-இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. ஆனாலும் நடை சாத்தும் நேரத்தில் தொடங்கி அலுவலகத்தின் கை நீளத்தான் செய்கிறது. அதே சமயம், கமிட்டி என்றாலே அரசு எட்டாது என்று நம்ப வேண்டாம். 2003-இல் பலித் தடைச் சட்டத்தை அமல்படுத்த உத்தரவு வந்தபோது கிராமக் கோயில்கள் எல்லாமே அதில் அடங்கின. எதிர்ப்புக்குப் பின் 2004-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

நுழைவு
1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்த மாவட்டம் இது. இன்றும் ஒரு சாதியாரை வாசலில் நிறுத்தும் கமிட்டிக்கு மத சுதந்திரம் பேசத் தகுதியில்லை.

கடை வாடகையும் நஞ்சையும் உள்ள பொதுக்கோயிலுக்கு, நுழைவுச் சண்டை உள்ள ஊருக்குத் துறையே நல்லது. பீடமும் மண்குதிரையும் மட்டுமுள்ள குலதெய்வக் கோயிலைப் பங்காளிகளே வைத்துக்கொள்ளட்டும். கணக்கு நகல் மட்டும் தலைக்கட்டுதோறும் போய்ச் சேர வேண்டும்.