தொலைந்த லென்ஸ் மூடிகளுக்கு மாற்று: ஆறு ஆண்டு அனுபவம்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் வயல்வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் நடுகற்களை 2019 முதல் விடுமுறை நாள்களில் படமெடுத்து வருகிறேன். இத்தனை காலத்தில் கேமரா ஒரு முறைகூடப் பழுதாகவில்லை. லென்ஸ் மூடிகள் மட்டும் ஏழு போய்விட்டன. ஒன்று ஒகேனக்கல்லில் பரிசலின் விளிம்பிலிருந்து காவிரிக்குள் விழுந்தது. இன்னொன்று எருது விடும் விழாக் கூட்டத்தில் சட்டைப்பையிலிருந்து நழுவி, மாலையில் இரண்டு துண்டாகக் கிடைத்தது. மற்ற ஐந்தும் என் கவனக்குறைவுக்குப் பலியானவை. அவற்றுக்கு மாற்றாகச் சிலவற்றை வாங்கினேன். சிலவற்றை வெட்டி ஒட்டினேன். ஒன்றை அச்சிட்டும், ஒன்றைக் கடைந்தும், ஒன்றைத் தைத்தும் வாங்கினேன். ஒவ்வொன்றையும் குறைந்தது ஒரு கோடையிலும் ஒரு மழைக்காலத்திலும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

மூடி இல்லாமல், லென்ஸின் முன்னால் திருகும் கண்ணாடியான யூவி ஃபில்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு காலம் தள்ளலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எங்கள் பகுதியில் அது போதாது. கிருஷ்ணகிரியைச் சுற்றி கிரானைட் அறுக்கும் இடங்கள் பல உள்ளன. அந்தச் சாலைகளில் வண்டியில் போய்வந்தால் பை முழுவதும் வெண்தூசு படியும். கிரானைட் தூசில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது என்பதால், ஃபில்டரின் மேல் படிந்ததைக் கைக்குட்டையால் ஒரு முறை துடைத்தாலே கீறல் விழும். என்னிடமிருந்த ஒரு ஃபில்டர் இப்படித்தான் ஒரே ஆண்டில் மங்கிப்போனது. தூசைத் துடைக்க வேண்டிய தேவையையே குறைப்பதுதான் மூடியின் உண்மையான வேலை.

மாற்று மூடி வாங்கப் போகிறவர்கள் முதலில் சறுக்குவது அளவில்தான். கடைக்காரர் "என்ன லென்ஸ் சார்?" என்று கேட்பார், நாம் "ஐம்பது எம்எம்" என்போம், அவர் ஐம்பதுக்கு அருகில் உள்ள ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுப்பார். ஐம்பது என்பது குவியத்தூரம். மூடிக்குத் தேவைப்படுவது லென்ஸின் முன்வாயில் உள்ள மரையின் விட்டம். டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்கான கேனானின் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் எஸ்டிஎம் வகைக்கு அது 49 மி.மீ.; அதற்கு முந்தைய வகைக்கு 52 மி.மீ.; நிக்கானின் 50 மி.மீ. எஃப் 1.8 ஜி லென்ஸுக்கோ 58 மி.மீ. லென்ஸின் முன்விளிம்பிலோ பக்கவாட்டிலோ, குறுக்குக்கோடு போட்ட வட்டக்குறிக்கு அடுத்து இருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். எண் அழிந்துபோன பழைய லென்ஸாக இருந்தால் வெர்னியர் அளவியால் அளப்பது நல்லது. தையல் டேப்பை வைத்து அளந்து, 55 என்று நினைத்து 58 வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

மரை நல்ல நிலையில் இருக்கிற லென்ஸுக்கு, நிறுவனத்தின் பெயர் பொறித்த மூடிக்காக அதிக விலை கொடுக்கத் தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து. பெயரில்லாத மூடிகள் நான்கு வாங்கினேன்; மூன்று இன்றும் உழைக்கின்றன. நான்காவது மூடியின் சுருள்வில் எட்டு மாதத்தில் தளர்ந்துவிட்டது. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை என்னைப் பொறுத்தவரை இரண்டே. முதலாவது, பிடி நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்பது: ஓரத்தில் அழுத்தும் வகையை, பக்க வெளிச்சத்தைத் தடுக்கும் லென்ஸ் ஹூட் மாட்டியிருக்கும்போது விரலை உள்ளே விட்டுக் கழற்றுவதற்குள் பொறுமை போய்விடும். இரண்டாவது, மரையைக் கவ்வும் பற்கள் கூர்மையாக இருக்கின்றனவா என்பது. மாட்டிவிட்டு லென்ஸைக் கவிழ்த்து நான்கு முறை உலுக்கிப் பார்த்தால் இது விளங்கிவிடும். கிரானைட் தூசு வில்லுக்குள் புகுந்தால் பற்கள் உள்ளேயே சிக்கிக்கொண்டு வெளியே வராது. மாதம் ஒரு முறை ஊதுகுமிழால் ஊதினால் போதும். எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன், அடுத்த வெயிலில் அது ஃபில்டர் மேல் படலமாகப் படர்ந்தது.

உண்மையான சிக்கல் தொடங்கியது 67 மி.மீ. மரை கொண்ட என் ஜூம் லென்ஸ் பாறையில் மோதி முன்வளையம் நெளிந்தபோதுதான். கண்ணாடி தப்பித்தது, படங்களிலும் குறையில்லை. ஆனால் வட்டம் சற்றே முட்டை வடிவமாகிவிட்டதால் மரையைக் கவ்வும் எந்த மூடியும் அதில் நிற்கவில்லை. வளையத்தை மாற்றச் சொன்ன கூலியில் பழைய லென்ஸ் ஒன்றையே வாங்கிவிடலாம். எனவே மரையை நம்பாமல், வெளிப்புறமாகச் செருகும் மூடியைத் தேடினேன். அந்த அளவில் கடையில் கிடைக்கவில்லை.

விடை கிடைத்த இடம் எங்கள் ஊர்ச் சொட்டுநீர்ப் பாசனக் கடை. விவசாயத்துக்குப் பயன்படும் பிவிசி குழாய்கள் வெளிவிட்டத்தை வைத்து 50, 63, 75, 90, 110 மி.மீ. என்ற அளவுகளில் வருகின்றன. அவற்றின் முனையை அடைக்கும் எண்ட் கேப்பும் அதே அளவுகளில் வருகிறது. என் லென்ஸின் வெளிவிளிம்பு, நெளிவு உட்பட, 72.4 மி.மீ. ஆகவே லென்ஸின் மேல் 75 மி.மீ. எண்ட் கேப்பைச் செருகினால் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும்; அந்த இடைவெளியில் மெத்தென்ற ஏதாவது ஒன்றை ஒட்டினால் வேலை முடிந்தது. குழாய் இறுக வேண்டும் என்பதற்காக எண்ட் கேப்பின் உட்சுவர் வாயிலிருந்து அடிக்குப் போகப்போகச் சற்றுக் குறுகியிருக்கும். அந்தச் சரிவு லென்ஸ் மூடிக்கும் உதவியது. முழு ஆழமும் தேவையில்லை என்பதால் வாய்ப்புறத்தை ரம்பத்தால் அறுத்து, 18 மி.மீ. ஆழம் மட்டும் வைத்துக்கொண்டேன். அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, சோப்பு நீரில் இரண்டு முறை கழுவி, ஒரு நாள் காயவைத்தேன். பிவிசித் துகள் நிலைமின்னால் உட்சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவாமல் மாட்டினால் மொத்தமும் லென்ஸ் மேல் இறங்கும்.

உள்ளே எதை ஒட்டுவது என்பதில்தான் ஓராண்டு போனது. முதலில் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினேன். பிடி அபாரமாக இருந்தது. மூடியைக் கழற்ற முயன்றால் ஜூம் வளையமும் சேர்ந்து வந்தது. கத்திரி வெயிலில் ரப்பர் பிசுபிசுத்து லென்ஸ் விளிம்பில் கறுப்பு வளையம் ஒன்றை விட்டுச் சென்றதும் அதைப் பிய்த்து எறிந்தேன். அடுத்து, தையல்காரரிடம் வாங்கிய ஜாக்கெட் வெல்வெட். பார்க்க நகைப்பெட்டி போல அழகாக இருந்தது. ஆனால் வெட்டிய ஓரத்திலிருந்து நூல் உதிர்ந்தபடியே இருந்தது. கடைசியில் நிலைத்தது, நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஒட்டுவதற்காக ஹார்டுவேர் கடையில் விற்கும் பசையுடன் கூடிய ஃபெல்ட். அதைச் சுற்றிலும் ஒட்டாமல், மூன்று இடங்களில் மட்டும் சிறு பட்டைகளாக ஒட்டினேன். நெளிந்த வட்டத்தில் மூன்று புள்ளிகள் சீராக உட்காரும். முழு வட்டம் உட்காராது. இந்த மூடி 2021 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. ஃபெல்ட்டை மட்டும் ஆண்டுக்கொரு முறை மாற்றுகிறேன். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் சாம்பல் நிற எண்ட் கேப்பைக் கூட்டத்தில் எவரும் தூக்கிச் சென்றதில்லை.

இடையில் முப்பரிமாண அச்சையும் முயன்றேன். ஓசூரில் ஒருவர் என் அளவுகளைக் கேட்டு, பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் மிக நேர்த்தியாக ஒரு மூடியை அச்சிட்டுக் கொடுத்தார். அச்சில் உள்வட்டம் கொடுத்த அளவைவிடச் சற்றுக் குறுகியே வரும் என்பதால் முதல் முயற்சி வீணானது. அரை மில்லிமீட்டர் கூட்டிக் கொடுத்த இரண்டாவது கச்சிதமாகப் பொருந்தியது. ஏப்ரல் மாதத்தில் ஒரு நண்பகல் அதைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது அப்பளம் போல வளைந்திருந்தது. பிஎல்ஏ சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். கோடையில் மூடிய காருக்குள் டாஷ்போர்டு அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும். அச்சிடுவதானால் பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கைக் கேட்டு வாங்குங்கள். அது ஏறத்தாழ 80 டிகிரி வரை தாங்கும்.

லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி வைக்கும்போது அதன் பின்பக்கத்தை மூடும் பின்மூடியின் கதை வேறு. என்னிடம் ஹீலியோஸ் 44-2 என்ற பழைய சோவியத் லென்ஸ் ஒன்று உள்ளது. கேமராவோடு திருகி மாட்டும் எம்42 வகை. அதன் பின்மூடி தொலைந்தபோது, இணையத்தில் "42 மி.மீ." என்று போட்டிருந்ததை நம்பி ஒன்றை வாங்கினேன். ஒரு சுற்று திருகியதும் இறுகி நின்றுவிட்டது. எம்42 லென்ஸின் மரை இடைவெளி 1 மி.மீ.; தொலைநோக்கிகளில் பரவலாக உள்ள டி2 வகைக்கும் விட்டம் அதே 42 மி.மீ. என்றாலும் மரை இடைவெளி 0.75 மி.மீ. எனக்கு வந்தது இரண்டாவது வகை. வலுக்கட்டாயமாகத் திருகியிருந்தால் லென்ஸின் அலுமினிய மரையே போயிருக்கும்.

லென்ஸை எடுத்துக்கொண்டு தருமபுரியில் உள்ள ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். மோட்டார் பம்புகளுக்கு புஷ் கடையும் மூத்தவர் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நைலான் வேண்டாம் தம்பி, ஈரம் குடிச்சு உப்பும். டெல்ரின் துண்டு ஒண்ணு கெடக்கு, அதுல போட்டுடலாம்" என்றார். "மரை ஒரு எம்எம் வேணும்ணா, முடியுமா?" என்றேன். அங்குல அளவில் செய்த பழைய லேத்தில் மில்லிமீட்டர் மரை துல்லியமாக வர வேண்டுமென்றால் 127 பற்கள் கொண்ட சக்கரத்தை மாட்ட வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ., அதன் ஐந்து மடங்கு 127 என்பதே காரணம். அவர் பலகைக்கு அடியிலிருந்து அந்தச் சக்கரத்தைத் தேடி எடுத்ததைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நான் சொல்ல மறந்ததையும் அவரே கேட்டார்: பின்கண்ணாடி எவ்வளவு வெளியே நீளும்? குவியத்தை முடிவிலிக்கு, அதாவது மிகத் தொலைவுக்கு, வைத்து அளந்து, அதற்குமேல் 4 மி.மீ. ஆழம் விட்டோம். கூலி 200 ரூபாய். ஐந்தாண்டுகளாக அந்த மூடி முதல் நாள் போலவே திருகிக்கொள்கிறது. நான் பயன்படுத்திய அத்தனை மூடிகளிலும் குறை சொல்ல முடியாதது இது ஒன்றுதான்.

நவீன லென்ஸ்களின் பின்மூடியை மட்டும் வீட்டில் செய்ய முனைய வேண்டாம். செருகித் திருப்பி மாட்டும் பயனட் நாக்குகளின் வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதோடு, மட்டமான பிளாஸ்டிக் ஒவ்வொரு முறை திருப்பும்போதும் மாவு போலத் துகளை உதிர்க்கும். அந்தத் துகள் முதலில் பின்கண்ணாடிக்கும், அங்கிருந்து சென்சாருக்கும் போகும். இதற்கு மட்டும் நிறுவனத்தின் மூடியையே வாங்கினேன்.

வெவ்வேறு மூடிகளைத் தேடும் தொல்லையைக் குறைக்க, 52, 58 மி.மீ. லென்ஸ்கள் இரண்டுக்கும் 67 மி.மீ. வரை அகட்டும் ஸ்டெப்-அப் வளையங்களை நிரந்தரமாக மாட்டிவிட்டேன். இப்போது ஒரே அளவு மூடி இரண்டுக்கும் பொருந்துகிறது. பையில் எப்போதும் ஓர் உபரி மூடி இருக்கும். அந்த லென்ஸ்களுக்குரிய ஹூட்டை மாட்ட முடியாது என்பதே இதன் இழப்பு. அலுமினிய வளையங்கள் வெயிலில் இறுகிக்கொண்டால் விரலால் பிதுக்காதீர்கள். பிதுக்கினால் வட்டம் நெளிந்து இன்னும் இறுகும். ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தில் வளையத்தைத் தட்டையாக அழுத்தித் திருப்பினால் கழன்றுவிடும்.

மூடியைக் கயிற்றால் லென்ஸோடு கட்டித் தொங்கவிடும் முறையைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. காற்றில் அது முக்காலியில் தட்டிக்கொண்டே இருக்கும். மெதுவான ஷட்டரில் எடுத்த படங்கள் அனைத்தும் நடுங்கியிருந்தன.

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அருவிச் சாரலில் நனைந்த லென்ஸை உடனே மூடிவிடக் கூடாது. மூடி காற்றோட்டத்தைக் குறைத்துவிடும். உள்ளே அடைபட்ட ஈரம் பூஞ்சைக்கு விருந்தாகும். துணியால் ஒற்றி, அறைக்குத் திரும்பியதும் மூடியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைப்பதே என் வழக்கம்.

கடைசியாக, 95 மி.மீ. மரை கொண்ட 150-600 டெலி லென்ஸ். அதன் மூடி ஆழமான ஹூட்டுக்குள் இருக்கும். பறவை வந்து அமரும் நேரத்தில் கையை உள்ளே விட்டுக் கழற்ற முடியாது. அதனால் ஹூட்டின் வெளிப்புறத்தை மூடும்படி, உட்புறம் வழவழப்பான லைனிங் வைத்த ரெக்ஸின் துணியில் ஒரு சுருக்குப்பை தைத்துத் தரச் சொல்லி எங்கள் தெருத் தையல்காரரிடம் கொடுத்தேன். வாயில் நாடா கோத்து, ஓர் இழுப்பில் திறக்கும்படி தைத்துக் கொடுத்தார். கீழே விழுந்தாலும் உடையாது, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். வாங்கிய 95 மி.மீ. மூடி இரண்டு ஆண்டுகளாக அலமாரியில் புதிதாகவே கிடக்கிறது.