ஈராசிரியர் பள்ளியிலிருந்து பார்த்தால் ஆசிரியர் சங்கம்

ஆசிரியர் சங்கத்தால் மாணவரின் படிப்பு உயருமா, தாழுமா என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் ஒத்த விடை சொல்லவில்லை. அமெரிக்கப் பள்ளிகளை ஆராய்ந்த எபர்ட்ஸ், ஸ்டோன் இருவரும் 1987-இல், சங்கம் உள்ள பள்ளிகளில் நடுத்தர மாணவர் கூடுதலாகத் தேறுவதையும், மிகவும் பின்தங்கியவருக்கும் முன்னணியில் இருப்பவருக்கும் அப்பயன் கிட்டாததையும் கண்டனர். அதே நாட்டில் சங்கங்களால் பள்ளிச் செலவு கூடியும் இடைநிற்றல் அதிகரித்தது என்றார் கரோலின் ஹாக்ஸ்பி, 1996-இல். இந்தியத் தனியார் பள்ளிகளைப் பற்றிய கீதா கிங்டன், பிரான்சிஸ் டீல் ஆகியோரின் 2010-ஆம் ஆண்டு ஆய்வோ, ஒரே மாணவரின் வெவ்வேறு பாட மதிப்பெண்களை ஒப்பிட்டு, சங்க உறுப்பினர் நடத்தும் பாடத்தில் அடைவு குறைவதாகக் கூறியது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளுக்கு இவற்றை அப்படியே பொருத்த முடியாது. இங்கே ஊதியத்தை நிர்ணயிப்பது சங்கத்தின் பேரம் அல்ல, அரசாணை. ஆகவே சங்கத்தின் செல்வாக்கை வேலைநிறுத்தத்திலும் பணிமாறுதலிலும்தான் தேட வேண்டும்.

வேலைநிறுத்தம் எல்லோர் கண்ணிலும் படுவது. பழைய ஓய்வூதியத்துக்காக, ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 2019 ஜனவரி 22 முதல் 30 வரை நடத்திய போராட்டம், மார்ச் பொதுத்தேர்வுக்கு முந்தைய திருப்புதல் நாட்களைத் தின்றது. எனினும் இழந்த நாட்களைச் சனிக்கிழமைகளில் ஓரளவு ஈடுகட்டலாம்.

மாறுதலின் பாதிப்பு அத்தனை எளிதில் ஈடாகாது. கிருஷ்ணகிரியின் அஞ்செட்டி, தளி மலைக் கிராமம் ஒன்றின் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பணிமாறுதல் கலந்தாய்வில் சமவெளிக்கு இறங்கிவிட்டால், மற்றவர் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தக் கரும்பலகையின் மறுபாதியில் ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்குப் போட வேண்டும். இடையில் கல்வித்துறையின் தரவுப் பதிவுச் செயலியான எமிஸில் வருகையை ஏற்ற, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கும் போய்வர வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளின் மொழி ஆசிரியர் ஒருவருக்குப் பிடிபடவே ஓரிரு ஆண்டு ஆகும். அவர் போனால் அந்தப் பழக்கமும் அவருடனே போய்விடும்.

பணிமூப்புப்படி வெளிப்படையான கலந்தாய்வு வேண்டும் என்ற சங்கங்களின் கோரிக்கை நியாயமானது. அது இல்லாவிட்டால் சிபாரிசுக் கடிதமே இடத்தை முடிவு செய்யும். ஆனால் மாறுதல் பெற்றவரை உடனே விடுவிக்க வேண்டும் என்று அவை வற்புறுத்தும்போது நான் மாணவர் பக்கமே நிற்பேன்: பதிலாள் பொறுப்பேற்கும் நாளே விடுவிப்பு நாளாக இருக்கட்டும். எமிஸ் பணிச்சுமைக்கு எதிராகச் சங்கங்கள் எழுப்பும் குரலோ, ஆசிரியருக்கும் அந்த ஐந்தாம் வகுப்புக்கும் ஒருசேரப் பயன்படுவது.