தீர்வின் எடை 125 கிராம்: வீட்டுப்பாடச் செயலியுடன் இரண்டு ஆண்டுகள்

போன வாரம் ரேஷன் கடை வரிசையில் நின்றபோது பக்கத்துத் தெருத் தோழி கேட்டாள். “அக்கா, உங்கள் பெண் வைத்திருக்கிற வீட்டுப்பாடச் செயலி இப்போது பாதி விலையாம். என் பையன் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறான். வாங்கிவிடட்டுமா?” வேண்டாம் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். வரிசை நகர்ந்துவிட்டதால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து, அவளைப் போல யோசிக்கும் எல்லோருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

செயலி என்ன செய்யும் என்பது தெரிந்ததுதான். கேள்வியைப் படம் எடுத்தால் விடை வரும், எல்லாப் பாடத்துக்கும், தமிழிலும் ஆங்கிலத்திலும். 2023 ஜூனில், மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது, ஆண்டுக்கு 2,400 ரூபாய் கட்டி வாங்கினோம். மறு ஆண்டும் அதே தொகை. சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கும் எனக்கு அது எத்தனை ரவிக்கை என்று கணக்குப் போடத் தெரியும். ஆனாலும் மனமுவந்துதான் கட்டினேன். கடந்த ஏப்ரலில் அவள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி முடித்தாள். ஆகவே இரண்டு முழு ஆண்டுகள், ஐந்து பாடங்கள், கணக்கில்லாத இரவுகள். இதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் மகள் தமிழ் வழியில் படிக்கிறாள். என் கோபம் முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு நாள் இரவு வேதியியலில் கரைசல்கள் பாடம் நடந்துகொண்டிருந்தது. 25 கிராம் சர்க்கரையை 100 கிராம் நீரில் கரைத்தால் நிறை சதவீதம் என்ன என்று ஒரு கணக்கு. படம் எடுத்தாள். விடை வந்தது. மேலே கொட்டை எழுத்தில் ‘தீர்வு’ என்று தலைப்பு. அதற்குக் கீழே, ‘தீர்வின் எடை 125 கிராம்’. தையல் இயந்திரத்தின் அருகே தரையில் உட்கார்ந்திருந்தவள் தலையைத் தூக்கி, “அம்மா, விடைக்கு எப்படி எடை வரும்?” என்று கேட்டாள். எனக்கும் ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. ஆங்கிலத்தில் கரைசலுக்கும் கணக்கின் தீர்வுக்கும் சொல் ஒன்றுதான், ‘சொல்யூஷன்’. செயலி ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு, கடைசி நொடியில் ஏதோ ஓர் அகராதியைப் புரட்டி முதலில் கண்ணில் பட்ட தமிழ்ச் சொல்லை ஒட்டியிருக்கிறது. 125-இல் 25, அதாவது 20 சதவீதம். கணக்கு துல்லியம். ஆனால் கரைசல் என்ற சொல் அந்தப் பக்கத்தில் ஓரிடத்தில்கூட இல்லை.

அன்று முதல் என் கண்ணுக்கு இது மட்டும்தான் தெரிந்தது. இருபடிச் சமன்பாட்டுக்கு மூலங்கள் 2, 3 என்று வரவேண்டிய இடத்தில் ‘வேர்கள் 2, 3’ (ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ரூட்’தான்). மூலங்களின் பெருக்கற்பலன் 6 என்பதற்கு ‘வேர்களின் தயாரிப்பு 6’. பல்லுறுப்புக் கோவையின் படியைக் கேட்டால் ‘பட்டம்’. ஆரம் 7, உயரம் 10 உள்ள உருளையின் கன அளவு கேட்டதற்கு ‘உருளையின் தொகுதி 1540’ என்று சொன்னது. தொகுதி என்றால் பின்னத்தில் மேலே இருக்கும் எண் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்த பிள்ளை இதை எப்படி எடுத்துக்கொள்ளும்?

பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் முதல் பாடமே உறவுகளும் சார்புகளும். செயலியில் சார்பு என்ற சொல்லே கிடையாது, எங்கும் ‘செயல்பாடு’. நம் பாடநூலில் செயல்பாடு என்பது கட்டம் போட்டு, மாணவர்கள் தாங்களே செய்து பார்க்கச் சொல்லும் பகுதிக்குத் தலைப்பு. என் மகள் ஒரு மாலை முழுவதும் புத்தகத்தில் இருந்த செயல்பாட்டுக் கட்டங்களை எல்லாம் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த மாலையை யார் திருப்பித் தருவார்கள்?

இவையெல்லாம் வெறும் சொல்தானே, பொருள் புரிந்தால் போதாதா என்று என் கணவர் கேட்டார். போதாது என்பதைக் காலாண்டுத் தேர்வு காட்டியது. குவியத் தொலைவு 50 சென்டிமீட்டர் உள்ள குவி லென்சின் திறன் என்ன என்று கேள்வி. 2 டையாப்டர் என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, ‘லென்சின் சக்தி’ என்று எழுதி வைத்திருந்தாள். அரை மதிப்பெண் போயிற்று. ஆசிரியையிடம் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: “நான் புரிந்துகொள்வேன் அம்மா. பொதுத்தேர்வில் இவள் தாளைத் திருத்தப்போவது இவளைப் பார்த்தே இராத ஒருவர். அவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும். திறன் என்ற சொல்லைத்தான் தேடுவார்.” அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

இந்தச் சொற்கள் சும்மா வந்தவை அல்ல. 1916-இலேயே சேலத்தில் ராஜாஜியும் அவர் நண்பர்களும் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ ஆசிரியர்கள் உட்கார்ந்து, இது பொருந்துமா, அது பொருந்துமா என்று தேய்த்துத் தேய்த்து உருவாக்கியவை உந்தமும் நிலைமமும் ஒளிவிலகலும். நான் பள்ளியில் படித்ததும் இதே சொற்களைத்தான். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் அந்தச் சொற்கள் என்னிடம் இருப்பதால்தான் மகளுக்குப் பக்கத்தில் உட்கார முடிகிறது. கணிதப் பாடநூலின் கடைசியில் கலைச்சொற்கள் பட்டியலே அச்சிட்டிருக்கிறார்கள். பாடநூல்கள் அத்தனையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு தமிழ் வழி மாணவர்களுக்கும் உதவுவோம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பார்த்திருக்கக் கூடாதா? ஆங்கில வழியில் படிக்கும் எதிர்வீட்டுப் பையனும் இதே 2,400 ரூபாய்தான் கட்டுகிறான். அவனுக்கு முழு விடை கிடைக்கிறது. என் மகளுக்கு முக்கால் விடைதான்.

கோபத்தில் நல்லதை மறைப்பது நியாயம் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வடிவியலில் இதற்கு ஈடு கிடையாது. அடிப்படை விகிதசமத் தேற்றத்தைப் படம் வரைந்து, ஒவ்வொரு கோடாக நிறம் மாற்றிக் காட்டியபோது எனக்கே அது முதன்முறையாக விளங்கியது. நான் படித்த காலத்தில் அந்தத் தேற்றத்தை மனப்பாடம் செய்தேன், அவ்வளவுதான். இரவு பதினொரு மணிக்கு, தெருவில் நாய்கூடத் தூங்கிய பிறகு, பத்தாவது முறையாக அதே சந்தேகத்தைக் கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்லும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது, பள்ளி மூடிக் கிடந்தது, இணையமும் இல்லை. முன்பே சேமித்து வைத்திருந்த விடைகள் மட்டும் திறந்தன. அந்த நாட்களில் அவள் ஒரு பாடத்தை முழுதாக முடித்தாள்.

சமூக அறிவியலும் நன்றாக இருந்தது. அதற்குக் காரணத்தைப் பிறகு யோசித்தேன். பெயரையும் ஆண்டையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. முதல் உலகப்போரில் எம்டன் கப்பல் சென்னையைத் தாக்கியதைப் பற்றிக் கேட்டபோது 1914 செப்டம்பர் 22 என்ற தேதியையும், எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததையும் பிழையில்லாமல் சொன்னது. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் எது என்ற கேள்விக்கு 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் என்றும், அதற்கு முன்னின்றவர்கள் பி.பி. வாடியா, திரு.வி.க. என்றும் விடை வந்தது. கட்டிலில் படுத்திருந்த என் மாமனார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெரம்பூர் ஆலையான பின்னியில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். “எங்கள் சங்கம் புத்தகத்தில் இருக்கிறதா?” என்று பேத்தியிடம் மூன்று முறை கேட்டார். அன்று அவர் சொன்ன ஆலைக் கதைகள் எந்தச் செயலியிலும் வராது. ஆனால் அவற்றை வெளியே கொண்டுவந்தது இந்தச் செயலிதான். அந்த ஓர் இரவுக்காக மட்டும் ஓர் ஆண்டுச் சந்தாவை நான் கொடுப்பேன்.

இவ்வளவு நல்லது செய்யத் தெரிந்தவர்கள் என்பதால்தான் அவர்களுக்கு எழுதினேன். ஒன்பது முறை. சொல், பாடம், பக்க எண் எல்லாம் குறிப்பிட்டு, பாடநூல் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்து எழுதினேன். ஒவ்வொரு முறையும் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஒரே பதில் வந்தது. பிறகு இந்த ஆண்டு ஜனவரியில் புதுப்பிப்பு வந்தது. தமிழ் மேம்படுத்தப்பட்டுள்ளது என்று அறிவிப்பு. ஆவலோடு இருபடிச் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தேன். வேர்கள் போய் மூலங்கள் வந்திருந்தன. கண்ணில் நீர் வந்துவிட்டது, உண்மையாகவே.

மறுவாரம் உயிரியல். தாவரங்களில் நீர் எப்படிக் கடத்தப்படுகிறது என்று கேள்வி. விடை இப்படித் தொடங்கியது: ‘செடியின் மூலம் நீரை உறிஞ்சுகிறது.’ மகள் அதை நான்கு முறை படித்துவிட்டு, “செடியின் மூலமாக எது உறிஞ்சுகிறது?” என்று கேட்டாள். வேர் என்ற சொல்லை அவர்கள் எல்லாப் பாடத்திலும் அடியோடு மாற்றிவிட்டார்கள். கணக்கில் திருத்திய தவற்றைச் செடியில் நட்டுவிட்டார்கள். மூலத்தூவி என்றுகூட ஓரிடத்தில் இருந்தது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஒரு மனிதர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தாலும் இது நடந்திருக்காது. என்னை வருத்துவது அதுதான்: யாரும் பார்க்கவில்லை.

தமிழ்ப் பாடத்தைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. குறட்பாவை அலகிட, அதாவது சீர்களை அசைகளாகப் பிரித்து வாய்பாடு சொல்ல, கேட்டால் ஈற்றுச்சீரையும் மற்ற சீர்களைப் போலவே பிரிக்கிறது. ‘உலகு’ என்று முடிந்தால் வாய்பாடு பிறப்பு, செயலியோ புளிமா என்கிறது. நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கும் அதற்குத் தெரியவே தெரியாது. தமிழுக்கு இதை நம்ப வேண்டாம்.

அரை மதிப்பெண் போன அன்றைக்கு நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினோம். நடுவில் கோடு. இடப்பக்கம் செயலியின் சொல், வலப்பக்கம் பாடநூலின் சொல், ஓரத்தில் பாடத்தின் பெயர். விடை வந்தவுடன் புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டு எழுதிவிட்டுத்தான் அடுத்த கேள்வி என்பது வீட்டுச் சட்டம். தேர்வுக்குப் போகும்போது 312 சொற்கள் சேர்ந்திருந்தன. செயலியைத் திறப்பதற்கு ஆகும் நேரத்தைவிட அதைத் திருத்துவதற்கு ஆன நேரம் அதிகம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொதுத்தேர்வுக்கு முந்தைய நாள் அவள் எந்த வழிகாட்டி நூலையும் தொடவில்லை, அந்த நோட்டை மட்டும்தான் புரட்டினாள்.

பதினொன்றாம் வகுப்புக்கும் புதுப்பித்துத் தரச் சொல்லி மகள் கேட்கிறாள். வடிவியலை நினைவுபடுத்துகிறாள், தாத்தாவை நினைவுபடுத்துகிறாள். விலையும் இப்போது 1,200 ரூபாய்தான். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விலை பாதியானதும் எனக்கு உவப்பாக இல்லை. விலையை விட்டுவிட்டுச் சொற்களைச் சரிசெய்திருந்தால் நான் 2,400 ரூபாயே கட்டியிருப்பேன்.

தோழிக்கும் அதே பதில்தான்: உன் பையனும் தமிழ் வழி, வாங்காதே. இதையும் மீறி வாங்கினால், அவன் முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து எங்கள் நோட்டை எடுத்துப்போய் ஜெராக்ஸ் போட்டுக்கொள். மொத்தம் 26 பக்கம். கடைசிப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து அவன் மேசைக்கு மேலே ஒட்டிவிடு. அதில் என் மகள் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள்: ‘மூலம் என்று வந்தால், எந்தப் பாடம் என்று முதலில் பார்.’